அலங்காரம் இல்லாத குரல்கள்: இங்கிலாந்தில் ஆறு நாள்

முதல் நாள் – ஃபோர்டிஸ் கிரீன்

கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அறைத் தோழன் ஒருவன் லெட் செப்லின் என்ற ராக் குழுவின் நான்காவது இசைத்தட்டைக் கேசட்டில் பதிந்து கொடுத்தான். அதில் மாண்டலின் மீட்டலோடு தொடங்கும் ஒரு பாட்டில் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கு எதிர்க்குரலாக ஒரு பெண் பாடுகிறார். அந்தக் குழு தன் இசைத்தட்டில் வெளியிலிருந்து ஒருவரைப் பாட அழைத்தது அந்த ஒரே முறைதான். ஊருக்கு நடுவில் நின்று தண்டோரா போடுகிறவரைப் போல அந்தக் குரல் நேராக வந்தது. பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடமாயிற்று. சாண்டி டென்னி. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் நாட்டார் பாட்டையும் ராக் இசையையும் கலந்த பிரிட்டிஷ் ஃபோக் ராக் என்ற பெரிய வீட்டின் கதவு திறந்தது. இருபது ஆண்டு கழித்து இப்போதுதான் அந்த வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறேன்.

உண்மையிலேயே ஒரு வீட்டு வாசலில்தான் இன்று காலை நின்றேன். லண்டனின் வடக்கே ஈஸ்ட் ஃபிஞ்ச்லி ஸ்டேஷனில் இறங்கி, மஸ்வெல் ஹில் பக்கமாக ஃபோர்டிஸ் கிரீன் சாலையில் நடந்தால் ஒரு பெரிய மூலைவீடு வருகிறது. அதன் பெயர் ஃபேர்போர்ட். கிதார் கலைஞர் சைமன் நிக்கோலின் அப்பா டாக்டர். கீழே அவருடைய கிளினிக், மாடியில் பையன்களின் ஒத்திகை. வீட்டின் பெயரே குழுவின் பெயராகி, 1967-இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் பிறந்தது. அப்போது அவர்கள் பாடியவை பெரும்பாலும் அமெரிக்கப் பாட்டுகள். முதல் பாடகி ஜூடி டைபிள், நூலகத்தில் வேலை பார்த்தவர். அவர் விலகியபின் 1968 மே மாதத்தில் சாண்டி டென்னி வந்து சேர்ந்தார்.

வீட்டில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். எதிர் நடைபாதையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். ஏப்ரல் மாதத்துக் குளிர் காதைக் கிள்ளுகிறது. டூட்டிங்கில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். பெரியம்மா மகள், லண்டன் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். "இத்தனை தூரம் வந்து ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டா வந்தாய்?" என்று கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

இரண்டாம் நாள் – செசில் ஷார்ப் இல்லம்

கேம்டன் டவுன் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. செங்கல் கட்டடம், 1930-இல் திறந்தது. இங்கிலாந்து நாட்டார் நடன, பாடல் சங்கத்தின் தலைமையிடம். உள்ளே வான் வில்லியம்ஸ் நினைவு நூலகம் இருக்கிறது. ஃபேர்போர்ட் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஆஷ்லி ஹட்சிங்ஸ் 1969-இல் பழைய பாட்டுகளைத் தேடி இங்கேதான் வந்து போனார். அந்தத் தேடலும் சாண்டி கொண்டுவந்த பாட்டுகளும் சேர்ந்துதான் அந்த ஆண்டு டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்' இசைத்தட்டாக வந்தது.

'டேம் லின்' கதைப்பாடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நூலகர் சைல்டு தொகுதியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு தொகுத்த 305 கதைப்பாடல்களில் இது 39-ஆவது. ஒரே கதைக்குப் பல பாடங்கள். முதலில் அச்சிட்டிருப்பது கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கொடுத்தது.

கதை இது. ஜேனட் என்ற பெண், போகக் கூடாது என்று தடுத்த காட்டுக்குப் போய் ரோஜாவைப் பறிக்கிறாள். டேம் லின் எதிரே வந்து நிற்கிறான். மனிதன்தான், தேவதைகளின் அரசியிடம் சிறைப்பட்டவன். ஜேனட் கருவுறுகிறாள். ஹாலோவீன் இரவில் தேவதைகளின் குதிரைப் பவனி வரும்போது, வெள்ளைக் குதிரையிலிருந்து தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான் அவன். "உன் கைக்குள்ளேயே நான் பாம்பாவேன், சிங்கமாவேன், விட்டுவிடாதே." அவள் விடவில்லை. கடைசியில் அவள் கையில் ஒரு நிர்வாண மனிதன் மிஞ்சுகிறான். தன் மேலாடையால் போர்த்தி அவனைத் தன்னவனாக்கிக்கொள்கிறாள்.

சாண்டி இதை ஏழு நிமிடத்துக்கும் மேலாகப் பாடுகிறார். பின்னால் மின்கிதாரும் ஃபிடிலும் டிரம்மும் முரட்டுத்தனமாக இடிக்கின்றன. பாம்பு வரும்போது அவர் குரல் நடுங்குவதில்லை, சிங்கம் வரும்போது உறுமுவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிற ஒருத்தியின் குரல். பயமெல்லாம் கேட்கிறவருக்குத்தான். அதே தட்டில் 'மேட்டி குரோவ்ஸ்' கதை இன்னும் கொடூரமானது. மனைவியின் காதலனைக் கொன்றுவிட்டு, எங்களில் யாரை உனக்குப் பிடிக்கிறது என்று பிரபு அவளிடம் கேட்கிறான். செத்துக் கிடக்கிறவனைத்தான் என்கிறாள். அந்த வரியை யாராக இருந்தாலும் உச்சத்துக்கு ஏற்றித்தான் பாடுவார்கள். சாண்டி ஏற்றவில்லை. அதனால்தான் அந்த வரி நெஞ்சில் இறங்குகிறது.

நம் காது பிருகாவுக்கும் சங்கதிக்கும் பழகியது. இந்தக் குரல்களில் சங்கதி அடுக்குவதில்லை. அடியின் கடைசியில் சின்னதாக ஒரு வளைவு, அவ்வளவே. முதல் சில மாதம் எனக்கு இது வெறுமையாகப்பட்டது. பிறகு புரிந்தது: பாட்டை முன்னே விட்டுப் பாடகி பின்னே நிற்கிறார். அந்தப் பாட்டு தனக்கு முன்பே இருந்தது, தனக்குப் பிறகும் இருக்கும் என்று தெரிந்து பாடுகிறார். சாண்டி, ஷர்லி காலின்ஸ், ஆன் பிரிக்ஸ் மூவரும் மூன்று விதமான குரல்காரிகள். ஆனால் இந்த ஒரு பணிவு மூவருக்கும் பொது.

இந்தப் பணிவு எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயமும் இதே நூலகத்தில் இருக்கிறது. செசில் ஷார்ப் 1903-இல் சோமர்செட்டில் ஹாம்பிரிட்ஜ் கிராமத்துத் தோட்டக்காரர் ஜான் இங்கிலாந்து பாடியதைக் கேட்டுத்தான் நாட்டார் பாட்டுகளைத் தொகுக்கும் வேலைக்குள் வந்தார். அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே ஊரில் லூசி ஒயிட், லூயி ஹூப்பர் என்ற இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். தையல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண்கள். ஷார்ப்புக்குப் பாட்டுப் பாட்டாக அள்ளிக் கொடுத்தவர்கள். ஷார்ப் பள்ளிக்கூடங்களுக்காகப் பாட்டுகளைப் பதிப்பித்தபோது ஆசாபாசமுள்ள வரிகளையெல்லாம் துடைத்துக் கழுவினார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை, ஆனாலும் அவர் போய்க் கேட்டிருக்காவிட்டால் கழுவுவதற்குக்கூட எதுவும் இருந்திருக்காது. 1969-இல் இளைஞர்கள் செய்தது, கழுவி எடுத்த இடங்களில் திரும்ப ரத்தம் பாய்ச்சியதுதான்.

இரவு ஒரு பப்பின் மாடியில் ஃபோக் கிளப். மைக் கிடையாது, மேடை கிடையாது, நாற்காலிகள் வட்டமாக. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மையார் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி மேல்சட்டைப் பையில் போட்டார், இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டித் தொங்கவிட்டார், கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். கடலுக்குப் போனவனைப் பற்றிய பாட்டு. பல்லவி வந்ததும் அறையே சேர்ந்துகொண்டது. ஒருவர் கீழ் ஸ்தாயியில், இன்னொருவர் மூன்று சுரம் மேலே. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. முடித்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்து தன் கோப்பையை எடுத்தார். இன்னும் என் காதில் இருக்கிறது அது.

மூன்றாம் நாள் – விம்பிள்டன், பட்னி வேல்

அக்காவுக்கு இன்று விடுமுறை. "அந்தப் பெண்ணை நானும் பார்க்கிறேன், வா" என்று கூடவே வந்தாள்.

விம்பிள்டன் பார்க் ஸ்டேஷனிலிருந்து ஆர்தர் சாலை மேடேறுகிறது. 1969 ஜூலையில் வந்த 'அன்ஹாஃப்பிரிக்கிங்' இசைத்தட்டின் அட்டைப் படம் எடுத்த தெரு. அட்டையில் குழுவின் பெயர் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. தோட்டத்து வேலிக்கு முன்னால் வயதான தம்பதி நிற்கிறார்கள். சாண்டியின் அப்பா நீலும் அம்மா எட்னாவும். வேலியின் இடைவெளி வழியாக, பின்னால் புல்தரையில் குழுவினர் தெரிகிறார்கள். அதற்கும் பின்னால் செயின்ட் மேரிஸ் தேவாலயத்தின் கோபுரம். அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் இந்தப் படத்தை எடுத்துவிட்டு சர்க்கஸ் யானைகளைப் போட்டார்கள். யானை எத்தனை வந்தாலும் அந்த அம்மாவும் அப்பாவும் நிற்கிற நிலைக்கு ஈடாகாது. மகள் என்னவோ செய்கிறாள், நமக்குப் புரியவில்லை, ஆனாலும் வாசலில் நின்று கொடுப்போம் என்கிற நிலை அது. அக்கா கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்த அம்மா நம் பெரியப்பா பாஸ்போர்ட் படத்துக்கு நின்ற மாதிரி நிற்கிறார்" என்றாள்.

கோபுரம் அப்படியே இருக்கிறது.

சாண்டி 1947 ஜனவரி 6-இல் இந்தப் பகுதியில்தான் பிறந்தார். பள்ளி முடித்ததும் பிராம்ப்டன் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி. அதை நான் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. "இரவுப் பணி பார்த்திருப்பாளா?" என்றாள். பயிற்சியை விட்டுக் கிங்ஸ்டன் ஓவியக் கல்லூரிக்குப் போய், இரவில் ஃபோக் கிளப்புகளில் பாடி, இருபது வயதையொட்டி 'ஹூ நோஸ் வேர் தி டைம் கோஸ்' பாட்டை எழுதினார். காலம் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்கிற பாட்டு. அந்த வயதில் இருக்கிறவருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வியப்பேன். ஜூடி காலின்ஸ் 1968-இல் பாடினார், பிறகு நீனா சிமோன் பாடினார். இரண்டும் நல்ல பாட்டு. எனக்கு அன்ஹாஃப்பிரிக்கிங்கில் இருப்பது போதும்.

1970-லும் 1971-லும் 'மெலடி மேக்கர்' இதழின் வாசகர்கள் சாண்டியைச் சிறந்த பாடகியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் தட்டுகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஃபோதரிங்கே என்று தனிக்குழு, நான்கு தனித் தட்டுகள், நடுவே ஃபேர்போர்ட்டுக்குத் திரும்பி வந்தது, குடி, 1977 ஜூலையில் ஒரு பெண் குழந்தை. அடுத்த வசந்தத்தில் மாடிப்படியில் விழுந்தார். சில வாரம் கழித்து நினைவிழந்து, 1978 ஏப்ரல் 21-இல் இதே விம்பிள்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் இறந்தார். 31 வயது.

விம்பிள்டன் காமன் வெளியைக் காற்றாலையைத் தாண்டிக் குறுக்கே நடந்து பட்னி வேல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பக்கத்து நெடுஞ்சாலையின் இரைச்சல் மரங்களுக்கு மேலாக வந்துகொண்டே இருந்தது. தேடியலைந்து கல்லைக் கண்டுபிடித்தது அக்காதான்.

மேலே 'தி லேடி' என்றிருக்கிறது. 1972-இல் வந்த அவருடைய பாட்டின் பெயர். அதன் கீழே அலெக்சாண்ட்ரா எலீன் மக்லீன் லூகஸ். அதற்கும் கீழே, அடைப்புக்குறிக்குள், சாண்டி டென்னி. நாங்கள் நின்றபோது கல்லடியில் வாடிய டாஃபடில் பூக்களும், மழையில் மை கலைந்த ஒரு கடிதமும், யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு கிதார் மீட்டியும் இருந்தன. மீட்டியின் முனை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. புதிதாக வாங்கி வைத்ததல்ல, வாசித்ததை வைத்திருக்கிறார்கள்.

"நமக்குத் தெரிந்த பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டார்களே" என்றேன்.

"அம்மா அப்பா வைத்த பெயர்தானே முதலில் வர வேண்டும்" என்றாள் அக்கா. அட்டைப் படத்தில் நின்ற அந்த இருவரும் நினைவுக்கு வந்தார்கள். மகளை அனுப்பிவிட்டு அவர்கள் இருந்தார்கள்.

நான்காம் நாள் – ஹாம்ப்ஷயர்

இன்று எழுத அதிகமில்லை. வின்செஸ்டருக்கு ரயிலில் போய், அங்கிருந்து டாக்சியில் ஃபார்லி சேம்பர்லெய்ன். தங்கள் வேன் உருண்ட 1969 மே விபத்துக்குப் பிறகு ஃபேர்போர்ட் குழு இங்கே ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, கோடை முழுவதும் தங்கி 'லீஜ் அண்ட் லீஃப்' பாட்டுகளை உருவாக்கியது. வீடு தனியார் சொத்து என்பதால் அருகில் போகவில்லை. வயலோரத்தில் பழைய சிறு தேவாலயம், ஆட்டுக்குட்டிகள், காற்று. திரும்ப வருவதாகச் சொன்ன டாக்சி வரவில்லை. நடந்தேன்.

நடந்ததால் ஃபார்லி மவுண்ட் குன்றைப் பார்க்கக் கிடைத்தது. உச்சியில் வெள்ளைப் பிரமிடு போல ஒரு நினைவிடம், ஒரு குதிரைக்கு. 1733-இல் நரி வேட்டையில் 25 அடி ஆழச் சுண்ணாம்புக் குழிக்குள் எஜமானரோடு பாய்ந்தும் சாகாமல், அடுத்த ஆண்டு பந்தயத்தில் வென்ற குதிரை. பந்தயத்தில் அதற்குக் கொடுத்த பெயர் 'சுண்ணாம்புக் குழி, ஜாக்கிரதை'. விபத்திலிருந்து எழுந்த குழு வந்து தங்கிய ஊருக்கு மேலே இப்படியொரு குதிரை புதைந்திருக்கிறது.

ஐந்தாம் நாள் – லூயிஸ்

ரயிலில் ஆன் பிரிக்ஸைக் கேட்டுக்கொண்டு வந்தேன். 1944-இல் நாட்டிங்ஹாம்ஷயரில் பிறந்தவர். பக்கவாத்தியமே இல்லாமல் பாடுவார். ரயிலின் தடதடப்புதான் தாளம். சாண்டி இவரை நினைத்துத்தான் 'தி பாண்ட் அண்ட் தி ஸ்ட்ரீம்' எழுதினார். ஒலிப்பதிவில் ஒலிக்கும் தன் குரல் பிரிக்ஸுக்குப் பிடிக்காது. முப்பது வயதாகும் முன்பே பாடுவதை விட்டுவிட்டார். ஜாக்கி மெக்ஷீ, மேடி பிரையர் இருவரும் இன்னும் விரிவாக எழுத வேண்டியவர்கள். பென்டாங்கிள் குழுவின் ஜாஸ் நடைக்கு மேலே மெக்ஷீ கண்ணாடி போலப் பாடுவதும், ஸ்டீலை ஸ்பேன் குழுவோடு பிரையர் பாடிய லத்தீன் பாட்டு 'காவுதேதே' 1973-இல் விற்பனைப் பட்டியலில் 14-ஆம் இடம் வந்ததும் தனிக் கதைகள்.

லூயிஸ் என்ற இந்த ஊர்தான் பாடகி ஷர்லி காலின்ஸின் ஊர். 1935-இல் ஹேஸ்டிங்ஸில் பிறந்தவர். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பதுங்கிய இடத்தில் தாத்தாவும் பாட்டியும் பாடித்தான் அவரையும் அக்கா டாலியையும் தூங்கவைத்தார்கள். அந்த இரண்டு பெண்களும் வளர்ந்து, ஷர்லி பாட, டாலி குட்டிக் குழல் ஆர்கனில் வாசிக்க, 1969-இல் 'ஆந்தம்ஸ் இன் ஈடன்' செய்தார்கள். ஆஷ்லி ஹட்சிங்ஸை மணந்து, ஒரு பெரும்படையே வாசிக்க 1971-இல் 'நோ ரோசஸ்' பாடினார். ஃபோக் ராக்கில் எனக்கு மிகப் பிடித்த தட்டு அதுதான், லீஜ் அண்ட் லீஃபை விடவும்.

பிறகு கணவர் இன்னொருவரை நாடிப் போனார். ஷர்லி மேடையில் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. சில இரவு வந்தது, சில இரவு வரவில்லை, அப்புறம் வராமலே போயிற்று. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்து இரண்டு குழந்தைகளை வளர்த்தார். முப்பது ஆண்டுக்கு மேல் பாடவில்லை. பாடகி லிண்டா தாம்சனுக்கும் இதே போலக் குரல்வளை கைவிட்டது. அவர் தன் பாட்டுகளை மற்றவர்களைக் கொண்டு பாடவைத்து 2024-இல் ஒரு தட்டே வெளியிட்டார். இந்தப் பெண்களின் வாழ்க்கையில் குரல் போவது ஏன் இத்தனை முறை வருகிறது என்று யோசித்துக்கொண்டே கபர்ன் குன்றில் ஏறினேன்.

146 மீட்டர்தான், ஆனால் மூச்சு வாங்கியது. மேலே இரும்புக்காலக் கோட்டையின் அகழி, கீழே ஊஸ் ஆறு வளைந்து கடலுக்குப் போகிறது. ஷர்லியின் மாற்றாந்தந்தை இந்தக் குன்றை ஆர்க்கேஞ்சல் ஹில் என்று அழைப்பாராம். 2023-இல் வந்த தன் தட்டுக்கு ஷர்லி அந்தப் பெயரையே வைத்தார். புல்லில் உட்கார்ந்து 2016-இல் வந்த 'லோட்ஸ்டார்' கேட்டேன். தன் வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்தது, வெளிவந்தபோது வயது 81. பழைய குரலின் தேன் இல்லை. தணிந்து, கரகரத்து, சில இடங்களில் சுரத்தைத் தொட்டுத் தொடாமல் போகிறது. ஆனால் அதில் இருக்கும் கொலைப் பாட்டுகளுக்கு இந்தக் குரல்தான் பொருந்துகிறது. பாட்டு அவரை விட்டு எங்கும் போகவில்லை, குரல்தான் போய்விட்டு வந்திருக்கிறது.

மேற்கே கொஞ்ச தூரத்தில் ராட்டிங்டீன். 1898-இல் கேட் லீ என்ற பெண் அங்கே போய்க் காப்பர் குடும்பத்தார் பாடியதை எழுதிக்கொண்டார். ஷார்ப்புக்கு ஐந்து ஆண்டு முன்பு. இரண்டாம் நாள் இதை எழுத மறந்துவிட்டேன். விட்டுவிடக் கூடாத பெயர்.

ஆறாம் நாள் – குரோப்ரெடி

பான்பரி வரை ரயில். அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயின் கரையோடு இரண்டு மணி நேர நடை. ஃபேர்போர்ட் குழு 1979 ஆகஸ்டில் இந்தக் கிராமத்தில்தான் விடைபெறும் கச்சேரி நடத்தியது. விடைபெற முடியவில்லை, மறு ஆண்டே திரும்ப வந்தார்கள், அது ஆகஸ்ட் திருவிழாவாக நிலைத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கடைசிப் பாட்டு 'மீட் ஆன் தி லெட்ஜ்'. இப்போது வயல் காலி. ஆடுகள் மேய்கின்றன. தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் பப்பில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் ரயிலில், வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்த பாட்டைப் போட்டேன். அன்ஹாஃப்பிரிக்கிங்கில் இருக்கும் 'எ செய்லர்ஸ் லைஃப்', 11 நிமிடம். சாண்டி ஃபோக் கிளப் நாட்களிலிருந்து பாடிவந்தது. கச்சேரிக்கு முன் ஒப்பனை அறையில் அவர் பாட, மற்றவர்கள் கூடவே வாசிக்கத் தொடங்கியதில் உருவானது. ஆங்கிலக் கதைப்பாடலும் மின்கிதாரும் முழுமையாகக் கலந்தது இந்தப் பாட்டில்தான் என்பேன். டேவ் ஸ்வார்பிரிக் விருந்தாளியாக வந்து ஃபிடில் வாசித்தார். டிரம் வாசித்தவர் மார்ட்டின் லாம்பிள். இந்தத் தட்டு கடைக்கு வருமுன், 1969 மே 12 அதிகாலையில், பர்மிங்ஹாம் கச்சேரி முடிந்து லண்டனுக்குத் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் உருண்டது. லாம்பிள் போனார், 19 வயது. கிதார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சனின் தோழி ஜீனி பிராங்க்ளினும் போனார். சாண்டி அந்த வேனில் இல்லை.

இதுவரை சாண்டியையே கேட்டிருக்கிறேன். இன்று லாம்பிளை மட்டும் கேட்டேன். முதலில் அவர் அடிக்கவே இல்லை. சிம்பலை மேலோட்டமாக உரசுகிறார், அலை வந்து மணலில் கலைகிற மாதிரி. காதலனைத் தேடி ஒரு பெண் படகேறுகிறாள். அவன் மூழ்கிவிட்டான் என்று கேள்விப்படுகிறாள். படகைப் பாறையில் மோதவிடுகிறாள். சாண்டி அந்த வரியையும் தணித்தே பாடி முடித்து, ஒதுங்கிக்கொள்கிறார். பாட்டில் பாதிதான் ஆகியிருக்கிறது. மீதி முழுக்கக் கிதாரும் ஃபிடிலும் ஒன்றையொன்று துரத்த, கீழே லாம்பிளின் கை வேகமெடுத்துக்கொண்டே போகிறது. மேரிலிபோன் ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கியபோது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முடிகிற வரை இருக்கையிலேயே இருந்தேன்.